நான்கு மாலுக்குள் ஒரு படிக்கட்டு

கதிரேசா,

நீ அனுப்பிய பத்திர நகல் வந்து சேர்ந்தது. போனில் பார்த்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்தது. அதனால் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிய எழுத்தாக எடுத்து வந்து, கண்ணாடிக்கு மேல் லென்ஸையும் பிடித்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். எனக்கு இப்போது கண்புரை அறுத்த கண் ஒன்று, அறுக்காத கண் ஒன்று. இருந்தாலும் நாற்பது வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன், ஒரு பத்திரத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பது எனக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். கட்டிடத்தை உன் பெயருக்கு நான் எழுதிக்கொடுப்பதாக வாசகம் சரியாக இருந்தது. நான்கு மால் என்று நாங்கள் சொல்லும் நான்கு பக்கத்து எல்லையும் சரி, அளவு சரி, சர்வே எண் சரி. உன் சென்னை வக்கீல் கெட்டிக்காரர்தான். ஒரே ஒரு வரியைக் காணோம். கட்டிடத்தின் மேற்குப் பக்கம் உள்ள மாடிப்படி பக்கத்து மாடி வீட்டாருக்கும் பொதுவில் பாத்தியப்பட்டது என்று மூலப்பத்திரத்தில் இருக்கும் வரி. அதைக் கேட்கத்தான் உன்னைக் கூப்பிட்டேன். மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டு, பிறகு நீயே கூப்பிட்டுச் சொன்னாய்.

“அய்யா, அது தெரிஞ்சுதான் எடுத்திருக்கு. நாளைக்கு யாராச்சும் கேட்டா, டைப் அடிக்கையில விட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம். நீங்க கையெழுத்த மட்டும் போடுங்க.”

அதோடு பேச்சு நின்றுபோனது. டவர் இல்லாமல் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். இல்லை, நான்தான் வைத்தேன். அதற்குப் பிறகு நீ நாலைந்து தடவை கூப்பிட்டதும், நான் எடுக்காததும், ‘அய்யாவுக்கு என்ன ஆச்சு’ என்று உன் அம்மாவிடம் நீ கேட்டதும் எல்லாம் தெரியும். போனில் உன்னிடம் பேச என்னால் ஆகாது. நான் ஒரு வாக்கியத்தில் பாதி தூரம் போவதற்குள் ‘ஓகே ஓகே’ என்று நீ முடித்துவிடுகிறாய். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டிடத்தை இடித்து நீ லாட்ஜ் கட்டப்போகிறாயே என்று கிழவன் அழுகிறான் என்று உன் பெண்டாட்டியிடம் சொல்லிச் சிரிக்காதே. அரண்மனைக்குப் போகிற வழியில் உள்ள இந்த முக்கில் நாலு மூலைக்கும் நாலு கட்டிடம். எதிர்மூலையில் ராமேஸ்வரம் போகிற யாத்திரைக்காரர்கள் தங்கும் சத்திரம் இருந்தது. அதை இடித்து லாட்ஜ் ஆக்கினார்கள். லாட்ஜையும் இடித்து இப்போது கீழே பேக்கரி, மேலே கோச்சிங் சென்டர். வடக்கு மூலையில் கமுதி மிளகாய் வந்து இறங்கும் மண்டி. மூட்டையைப் பிரித்தால் தெருவே தும்மும். அந்த இடத்தில்தான் இப்போது கண்ணாடி போட்ட ஜவுளிக்கடை, வாசலில் தலையில்லாத பொம்மைகள் சேலை கட்டி நிற்கின்றன. கிழக்கு மூலை காப்பிக் கிளப்பாக இருந்து, கேசட் கடையாகி, செல்போன் கடையாகி, இன்று பூட்டிக் கிடக்கிறது. இந்த மூன்றும் கைமாறிய போதெல்லாம் பத்திரம் எழுதியவன் நான். ஒன்றுக்காகவாவது நான் கண்ணீர் விட்டேனா? சத்திரம் மூட்டைப்பூச்சிக்குப் பேர்போனது. போனது நல்லதுதான். நம்முடையதும் ஒன்றும் மாளிகை இல்லை. மழை பெய்தால் ஏழு இடத்தில் பாத்திரம் வைக்கிறாள் உன் அம்மா. கடல்காற்று உப்பு ஏறிச் சுவர் மாவாகக் கொட்டுகிறது. தாராளமாக இடி. சம்மட்டியை நானே எடுத்துத் தருகிறேன். என் வயிற்றெரிச்சல் சுவரைப் பற்றியது இல்லை.

படிக்கட்டின் கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முழுதாகத் தெரிந்துகொள். என் அய்யாவும், பக்கத்தில் வலையும் கயிறும் விற்ற சூசையும் ஒரே சமயத்தில் மாடி எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் இடம் குறுகல். ஆளுக்கொரு படி வைத்தால் கீழே கடைக்கு இடம் மிஞ்சாது. சூசையின் பின்கட்டில் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. நம் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்பு. “படி ஓன் எல்லைக்குள்ள இருக்கட்டும், கெணறு என் எல்லைக்குள்ள இருக்கட்டும். ரெண்டும் ரெண்டு குடும்பத்துக்கும்” என்று சூசைதான் சொன்னாராம். அதை அப்படியே இருவர் பத்திரத்திலும் எழுதி வைத்தார்கள். இந்த ஊரில் தண்ணீருக்கும் வழிக்கும் இப்படி மாற்றிக்கொள்வது சாதாரணம். என் கையாலேயே இது போல எத்தனையோ எழுதியிருக்கிறேன். கண்மாயெல்லாம் வறண்டு, ஊரே குடத்தோடு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிய ஒரு வருடம் வந்தது. சூசையின் கிணற்றில் ஊறுவதே நாலு குடம், அதுவும் கலங்கல். அந்த வருடம் முழுக்க முதல் குடம் நம் வீட்டுக்குத்தான் வந்தது. சூசை வீட்டில் ஆறு பேர். ஆனால் நம் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று முதல் குடம் நமக்கு. அந்தக் கைக்குழந்தை நீ.

‘கிணறுதான் இப்ப இல்லயே, அப்புறம் என்ன படி?’ என்று நீ கேட்பாய் என்று தெரியும். போன மாதம் வந்தபோதே வாயெடுத்தாய். இல்லைதான். சூசையின் மூத்த மகன் கீழ்ப்பகுதியை மருந்துக்கடைக்காரருக்கு விற்றுவிட்டுத் திருச்சிக்குப் போனார். கிணற்றை மூடி அதன் மேல் டைல்ஸ் போட்டு மருந்து அலமாரி நிற்கிறது. இளைய மகன் பங்குக்கு வந்தது மாடி மட்டும். அவர் இறந்தபின் அது அவர் மனைவி ரெஜினாவுக்கு. அவளுக்கு இந்த உலகத்தில் இருப்பது அந்த மாடி, நாலு தையல் மெஷின், தையல் பழக வரும் பத்துப் பதினைந்து பெண்பிள்ளைகள். நம் படி வழியாக ஏறினால்தான் இது எல்லாம். கிணற்றை மூடியவள் அவள் இல்லை. மூடும்போது, “அண்ணே, ஒங்க பாத்தியமும் போகுதே, நான் ஒண்ணும் செய்ய ஏலலயே” என்று நம் வாசலில் வந்து அழுதவள் அவள். படியை நீ இடித்துவிட்டால் அவள் வீடு அந்தரத்தில் நிற்கும். ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. அப்புறம் அவளே உன்னிடம் வந்து, கொடுத்ததைக் கொடு என்று மாடியை விட்டுவிட்டுப் போவாள். இதுதான் உன் திட்டம். நீ என்னிடம் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

போன மாதம் நீயும் அந்த இன்ஜினீயரும் வந்து, சிவப்பு வெளிச்சம் அடிக்கிற ஒரு கருவியை வைத்துப் படிக்கட்டை அளந்தீர்கள். ரெஜினா மேலே இருந்து எட்டிப் பார்த்தாள். “என்ன தம்பி அளக்குறீக? காப்பி போடவா?” என்று கேட்டாள். நீ நிமிர்ந்து, சிரித்துக்கொண்டு, “சும்மாதான் அக்கா, பெயின்ட் அடிக்கலாம்னு” என்று சொன்னாய். நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீ சென்னைக்குப் போனபின் நடந்ததை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த நாளே ரெஜினா தன்னிடம் தையல் பழகும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து, தேங்காய் நாரும் சோப்புத் தூளும் வைத்து, இருபத்திரண்டு படியையும் பாசி போகத் தேய்த்தாள். “தம்பி பெயின்ட் அடிக்கப் போகுதுல்ல அண்ணே, பாசி மேல அடிச்சா பெயின்ட் நிக்காது” என்று என்னிடம் சொன்னாள். முழங்கால் வலிக்காரி. ஒவ்வொரு படியாக இறங்கி உட்கார்ந்து தேய்த்தாள். நான் என்ன சொல்லட்டும்? “ஆமாம்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வெட்கக்கேடு. உன் பொய்யை அன்று நானும் சேர்ந்து சொன்னேன்.

இவ்வளவு பேசுகிறாயே, நீ யோக்கியமா என்று கேள். கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன், ஏனென்றால் என்னைத் தவிர இதைத் தெரிந்தவர்கள் எல்லாம் செத்துப்போய்விட்டார்கள். அந்த மிளகாய் மண்டி கைமாறியபோது, அதன் பின்னால் ஒரு சந்து இருந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. சந்துக்குள் ஒரே ஒரு ஓட்டு வீடு. காளிமுத்து என்று வாடகை சைக்கிள் விடுகிறவர் அதில் இருந்தார். காலையில் பன்னிரண்டு சைக்கிளையும் சந்து வழியாக ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்து முக்கில் வரிசையாக நிறுத்துவார். மண்டியின் மூலப்பத்திரத்தில் அந்தச் சந்து பொது என்று தெளிவாக இருந்தது. மண்டியை வாங்கியவர் பெரிய மனிதர். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். அவர் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்து, ‘சார்’ என்று பேசினார். தரையில் மேசை போட்டு எழுதுகிற எனக்கு அதுவே தலை கிறுகிறுத்தது. “அந்தச் சந்து வரி எதுக்கு சார்? அத எழுதாட்டி ஒங்களுக்கு என்ன?” என்றார். பிறகு வேறு பேச்சுப் பேசுவது போல, “பையன எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறீக?” என்று கேட்டார். நான் மூன்று தடவை நடையாய் நடந்து இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பள்ளிக்கூடத்தின் கமிட்டியில் அவர் இருந்தார். அடுத்த திங்கட்கிழமை உனக்கு அங்கே சீட்டுக் கிடைத்தது. டை கட்டிக்கொண்டு, புது ஷூவோடு நீ போட்டோ எடுத்துக்கொண்டாயே, அது அந்த வாரம்தான்.

சந்தை அடைத்துச் சுவர் வந்தபோது காளிமுத்து என்னிடம்தான் வந்தார். கோர்ட்டு கச்சேரி என்று போகவில்லை, சண்டைக்குப் போகவில்லை. எழுதியவனைக் கேட்டால் தெரியும் என்று என் மேசைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, “அண்ணே, நீங்கதான எழுதுனீக, எங்க சந்த எங்கனயும் காணோமே?” என்றார். அவர் கொண்டுவந்திருந்த பத்திர நகலை நான் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, கழற்றி, புரட்டிப் பார்த்து நடித்தேன். “அட, எழுதையில விட்டுப்போச்சுய்யா. கைப்பிசகு” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். “மனுசன் கைதான அண்ணே, பிசகத்தான் செய்யும். நீங்க இதுக்காக வெசனப்படாதீக” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு! இரண்டு வாரம் சைக்கிளைச் சுவருக்கு மேல் தூக்கித் தூக்கி இறக்கிப் பார்த்தார். முடியவில்லை. வீட்டை அதே பெரிய மனிதருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பரமக்குடிப் பக்கம் போய்விட்டார். அந்தப் பத்திரத்தையும் என்னைத்தான் எழுதச் சொன்னார். வேறு ஆளிடம் போனால் மறுபடி ஏதாவது விட்டுப்போகுமாம், அண்ணன் கையில் எழுதினால்தான் நிம்மதியாம். எழுதினேன். ஒரு வரி விடாமல் எழுதினேன். அவர் கைநாட்டு வைக்கும்போது மைப்பெட்டியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது புரிகிறதா நான் ஏன் போனை வைத்தேன் என்று? இந்தக் கதை உனக்குத் தெரியாது. உன் அம்மாவிடம்கூட நேற்றுத்தான் சொன்னேன். அவள் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். அப்புறம், “அந்தப் படிப்பத்தானா நம்ம ஊர்ப்பூராம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சோம்?” என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நான் சொன்ன அதே சொல் உன் வாயில் வருகிறது பார், ‘விட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம்’ என்று, அதுதான் எனக்குக் குலை நடுங்குகிறது. நல்லதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. சொல்லாமல் மறைத்தது மட்டும் எப்படியோ உன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. எனக்காவது அன்றைக்கு ஒரு பயம் இருந்தது, வியர்த்தது, ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. நீ டீ குடித்துக்கொண்டே சொன்னாய். உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அப்பன் என்ற முறையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள். அடுத்தவன் வழியை அடைக்கிறவன் சண்டை போட்டு அடைத்தால்கூட ஒரு விதத்தில் தேவலை. அடைபட்டவனுக்கு யாரைத் திட்டுவது என்றாவது தெரியும். நாம் சிரித்துக்கொண்டு அடைக்கிறோம். அவன் நமக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, நமக்கே ஆறுதலும் சொல்லிவிட்டுப் போகிறான். அந்த ஆறுதல் இருக்கிறதே, அதைச் செரிக்கவே முடியாது. முப்பது வருடமாக அந்த ஜவுளிக்கடை முன்னால் நான் நடப்பதில்லை. எதிர்ச் சாரியில் சுற்றிக்கொண்டுதான் போவேன். வெயிலுக்காக என்று நீங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். பத்து வருடம் முன்பு பரமக்குடிக்குப் போய் விசாரித்தேன். காளிமுத்து இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது என்றார்கள். பிள்ளைகள் திருப்பூர்ப் பக்கம் எங்கேயோ இருக்கிறார்களாம். யாருக்கும் விலாசம் தெரியவில்லை. காலில் விழலாம் என்று போனவன், பஸ் ஸ்டாண்டில் ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன புதன்கிழமை நான் ரெஜினாவை மேலே போய்ப் பார்த்தேன். பெயின்ட் அடிக்க அளக்கவில்லை என்று சொன்னேன். எதற்கு அளந்தாய் என்பதையும் சொன்னேன். அவள் மெஷினில் இருந்து காலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். “தம்பி என் மடியில கெடந்த பிள்ளயாச்சே அண்ணே” என்றாள், அவ்வளவுதான். அழுதாலாவது எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். நீ அனுப்பிய நகலை நான் கிழித்துவிட்டேன். என் கையாலேயே இரண்டு பத்திரம் எழுதி, டைப் அடிக்கக் கொடுத்து, பக்கத்தில் நின்று சரி பார்த்தேன். வெள்ளிக்கிழமை இரண்டும் பதிவாகிவிட்டன. ஒரு பத்திரம் ரெஜினாவுக்கு. தரையிலிருந்து மேல்தளம் வரை அந்தப் படிக்கட்டும், அது நிற்கும் மண்ணும், தெருவிலிருந்து அதற்கு வரும் நடையும் அவளுக்கே தானமாக எழுதியாயிற்று. பொதுப் பாத்தியம் என்று ஒரு வரி வைத்தால்தானே அதை யாராவது விடுவார்கள்? இப்போது படியே அவளுடையது. அவள் வர மாட்டேன் என்றுதான் சொன்னாள். “தம்பி வருத்தப்படுமே அண்ணே, பகையாப் போயிருமே.” “படட்டும்” என்றேன். உன் அம்மாதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பதிவு ஆபீஸுக்கு அழைத்து வந்தாள்.

இன்னொரு பத்திரம் உனக்கு. மீதிக் கட்டிடம் முழுக்க உன் பெயரில். இனிமேல் உன் எல்லை மேற்கே ரெஜினாவின் படிக்கட்டோடு நின்றுவிடுகிறது. அதை விட்டுவிட்டு லாட்ஜ் கட்ட முடியுமா என்று அந்தச் சிவப்பு வெளிச்ச இன்ஜினீயரைக் கேள். முடியாது என்பார். நம் மாடிக்கு ஏறவும் இனி அந்தப் படிதான். நானும் உன் அம்மாவும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறோம். “ஏன் அண்ணே என்னயக் கொல்லுறீக, இதுக்குப் போயி கேப்பாகளா” என்று கத்துகிறாள். கேட்கத்தான் செய்வேன்.

உனக்குக் கோபம் வரும். வர வேண்டியதுதான், உன் இடத்தில் நான் இருந்தாலும் வரும். கிறுக்குப் பிடித்துவிட்டது, யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்றுகூட நீ சொல்லலாம். வக்கீலைக் கூட்டி வந்து பத்திரத்தை ரத்து செய்யப் பார்க்கலாம். அது நடக்காதபடிதான் எழுதியிருக்கிறேன், அந்த அளவுக்கு எனக்கு இன்னும் தொழில் மறக்கவில்லை. இரண்டு பேரப்பிள்ளைகளையும் இந்தப் பக்கம் அனுப்பாமல் நிறுத்திக்கொள்ளலாம். பொங்கலுக்கு வராமல் இருக்கலாம். எனக்குக் கொள்ளி வைக்கக்கூட நீ வராமல் போகலாம். ஏலே, இதையெல்லாம் யோசிக்காமல் ஏதோ ஆத்திரத்தில் செய்துவிட்டார் அய்யா என்று நினைத்துவிடாதே. பதிவு ஆபீஸ் பெஞ்சில் என் பெயரைக் கூப்பிடுகிறவரை ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரமும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ இனிமேல் வராமலே போய்விடுவாய் என்று முடிவு செய்துகொண்டுதான் எழுந்துபோய்க் கையெழுத்துப் போட்டேன்.

உன் அய்யா